மச்சில் போடாத நாற்காலி

வால்ப்ரூன்,
1716 அக்டோபர் 20

யூதித்,

ஆறு ஆண்டுகளாக நாம் எழுதிக்கொள்ளவில்லை. முதலில் எழுதுகிறவன் தோற்றவன் என்று நீ எண்ணிக்கொள்வாய். எண்ணிக்கொள். எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

என் மகள் சூசானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டரை ஆண்டு ஆகிறது. ஜெனிவாவில் நல்லவர்களோடு இருக்கிற உனக்கு இது தெரிந்திருக்காது. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுப் பாடியிருக்கிறாள். அது நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சங்கீதம், மன்னர் தடைசெய்த நம் சபைப் பாட்டு. நான் மதம் மாறிக் கத்தோலிக்கப் பூசைக்குப் போகிறேன், பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், தவக்காலத்தில் இறைச்சி தொடுவதில்லை. ஆனால் வீட்டில் பிள்ளை எதைப் பாடுகிறாள் என்பதுதான் உண்மையான சாட்சி என்று சொல்லி, இரண்டு சிப்பாய்களும் ஒரு பாதிரியாரும் வந்து கன்னியர் மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். பதினோரு வயது. அவள் தாய் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பாடச் சொன்னது நீ. போனது அவள்.

இப்போது புதிய துணை ஆட்சியர் வந்திருக்கிறார். முந்தையவரைப் போலக் கத்துவதில்லை. சிரித்துக்கொண்டே பேசுவார். போன மாதம் கூப்பிட்டு அனுப்பினார்.

"முசியே ரூவியேர், பூசைக்கு ஒழுங்கா வர்றீங்க, சந்தோஷம். ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். புதுசா மதம் மாறினவங்க யாரும் என் வீட்டு ஆட்டத்துக்கு வர்றதில்ல. மலையில ஒளிஞ்சிருக்கிற உங்க பிரசங்கிங்க ஆடுறது பாவம்னு சொல்றாங்களாமே?"

"எனக்கு எந்தப் பிரசங்கியையும் தெரியாது ஐயா" என்றேன்.

"அப்ப ஆடத் தெரியுமா?"

"தெரியும்."

"வயசு?"

"ஐம்பத்தெட்டு."

"என் மாமனாருக்கு எழுபது. இன்னும் மினுவெ ஆடுறார். தவக்காலத்துக்கு முந்தின திங்கட்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் ஒரு தடவை ஆடுங்க. ஆடி முடிச்சதும் பொண்ணை அனுப்புற தாள்ல கையெழுத்துப் போடுறேன். எழுதியே வச்சிருக்கேன், பாருங்க."

காட்டினார். சூசான் ரூவியேர் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

எனக்கு ஆடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டில் திருமணத்தில்கூட யாரும் கால் தூக்கியது இல்லை. தெரியும் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால், இத்தனை நாளும் ஆடாதவன் இத்தனை நாளும் மாறாதவன் என்று ஆகியிருக்கும். அதே காரணத்தால் ஊர் நடன ஆசிரியரிடமும் போக முடியாது. அவர் வாரம் இரண்டு நாள் துணை ஆட்சியர் வீட்டில் வயலின் வாசிக்கிறவர்.

அதனால் புத்தகத்திலிருந்து கற்கிறேன். போக்கேர் சந்தையில் பழைய புத்தகக்காரனிடம் கிடைத்தது. நடனத்தைக் கோடுகளாக அச்சிட்டிருக்கிறார்கள். காலுறைத் தறியை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? கழற்றிப் போட்டுப் பார்த்துத்தானே கற்றேன்? ஆனால் இந்தப் புத்தகத்தில் முதல் சில தாள்கள் கிழிந்துபோயிருக்கின்றன. குறிகளின் விளக்கம் அந்தத் தாள்களில்தான் இருந்திருக்கும். உங்கள் ஊரில் ஜெர்மன் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித்தரும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருப்பதாக, காலுறை விற்க அங்கே வந்துபோகும் தோமா சொல்கிறான். அவரிடம் நீ கேட்க வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கேட்பாயா என்பதை மட்டும் முதலில் சொல்.

கடிதத்தைத் தோமாவின் காலுறை மூட்டையில் போடு. வேறு யாரிடமும் கொடுக்காதே.

கிதியோன்


ஜெனிவா,
1716 நவம்பர் 17

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் பிரித்தேன். நான் வேலை செய்யும் கையுறைக் கடைக்காரரின் விதவை, ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்ன சேதி என்று கேட்டு அதைச் சபை மூப்பர்களிடம் போய்ச் சொல்கிறவள். நல்லவள்தான். ஆனாலும் தாழிட்டேன்.

சூசான் செய்தி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவளுக்கு நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தபோது அவள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள், ஒரு பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு பாடினாள். அதற்கு நான் வருந்த வேண்டும் என்கிறாயா? வருந்த முடியவில்லை. அழத்தான் முடிகிறது.

ஆனால் நீ கேட்பதை எப்படிச் செய்வேன்? நம் அப்பாவை மலையில் ரகசிய ஜெபக் கூட்டத்தில் பிடித்து மன்னரின் துடுப்புக் கப்பலுக்கு அனுப்பினார்கள். பூசைக்கு வருகிறேன் என்ற ஒரு சொல்லில் விலங்கைக் கழற்றியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஏழு ஆண்டு துடுப்பு வலித்துச் செத்தார். அவருடைய மகன், அந்த மனிதர்களின் வீட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு காலை வளைக்கப்போகிறான். அதற்கு நான் வழி கேட்டுத் தர வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு ஆடச் சொல்கிறவர் நாளைக்கு என்ன சொல்வார்? ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தாய். முதலில் மதம் மாறியதாகக் கையெழுத்து, பிறகு பூசை. நான் கிளம்பியபோது, பிள்ளையையும் அவள் தாயையும் கூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினேன். தறியை விட்டு வரமாட்டேன் என்றாய்.

இங்கே அந்த ஆசிரியரின் வீட்டு வாசலில் நம் சபையார் யாரும் நிற்பதில்லை. நான் நின்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போதகருக்குத் தெரிந்துவிடும்.

சூசானுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அது போதாது என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியும்.

உன் தங்கை
யூதித்


வால்ப்ரூன்,
1716 டிசம்பர் 12

யூதித்,

அப்பாவை இழுக்காதே. அவர் துடுப்பு வலிக்கப் போனபோது வீட்டில் நீ இருந்தாய், அம்மா இருந்தாள், இரண்டு பேருக்கும் தறி மிதித்துச் சோறு போட்டவன் நான். கையெழுத்துப் போட்டுத்தான் அந்தத் தறியை வைத்துக்கொண்டேன். உன்னுடைய சுத்தமான மனசாட்சி என் கையெழுத்தைத் தின்று வளர்ந்தது.

நீ ஜெபி. நான் ஆடுகிறேன். எதனால் அவள் திரும்பி வருகிறாள் என்று பார்ப்போம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்காவிட்டாலும். ஞாயிறு பூசை முடிந்து அண்டை வீட்டார் சாப்பிட உட்காரும் நேரத்தில் மச்சுக்கு ஏறுகிறேன். சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பின் மேல் பழைய காலுறையைச் சுற்றிக்கொள்கிறேன். மினுவெ என்பது பார்வைக்கு எளிது. ஆறு எண்ணுவதற்குள் நாலு எட்டு எடுத்து வைக்க வேண்டும். எப்போதும் வலது கால் முதலில். முழங்காலை மடக்கி, நுனிக்காலில் எழுந்து, அங்கேயே நின்று, பிறகு இறங்க வேண்டும். மடக்குவது எனக்கு வரும், முப்பத்தைந்து ஆண்டு தறி மிதித்தவன். எழுந்து நிற்பதுதான் வரவில்லை. முதல் இரண்டு வாரம் இடது முழங்காலில் கஷ்கொட்டை அளவுக்கு வீக்கம். இப்போது வற்றிவிட்டது. நிற்கிறேன்.

தொப்பியைக் கழற்றுவதும் ஒரு பாடம். வலது கையால் எடுத்து, உட்பக்கம் தெரியாமல் தொடையோரம் இறக்கி, வணங்கி, திரும்பப் போட வேண்டும். தலைக்கறி வாங்கப் போகும்போதுகூடக் கடைக்காரனுக்கு அப்படித்தான் வணக்கம் சொல்லிப் பழகுகிறேன். "என்ன ரூவியேர், பொண்ணு பாக்கப் போறீரா?" என்கிறான்.

புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் மண்டபத்தின் தரை. மேலிருந்து கீழே பார்ப்பது போல. தாளின் தலைப்பகுதியில் பாட்டின் சுரங்கள். கீழே ஆணின் பாதை ஒரு கோடு, பெண்ணின் பாதை ஒரு கோடு. கோட்டின் இருபுறமும் பாதங்களைக் குறிக்கத் தலைப்பிரட்டை போன்ற குறிகள். ஆடுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதற்கு ஓர் அரை வட்டம். நான் ஆடப்போகும் நடனம் நாலு தாள். முதல் தாள் முழுவதும் வந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். கவனமாக எழுதிக்கொள். முதல் தாள் முடியும்போது நான் வலது பக்கம் திரும்பிப் பெண்ணைப் பார்த்து நிற்கிறேன். இரண்டாம் தாளைப் புரட்டினால் அங்கே அரை வட்டம் ஒருக்களித்துக் கிடக்கிறது. நேராக இருக்க வேண்டியதுதானே? தாளின் தலைப்பகுதி என் மூக்கு பார்க்கும் பக்கமா, வேறு எங்காவதா? தறியில் என் முன்னால் எது இருக்கிறதோ அதுதான் தலைப்பகுதி. இங்கே அப்படி எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு தாள் தொடக்கத்திலும் கால்பங்கு திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அச்சுக்காரன் தவறா, அல்லது அப்படித்தான் திரும்ப வேண்டுமா? இந்த ஒன்றைக் கேட்டுச் சொல். மற்றதையெல்லாம் நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

கிழியாத பக்கம் ஒன்றில் மண்டபத்தின் படம் இருக்கிறது. மேல்முனையில் ஒரு நாற்காலி. மன்னரோ மன்னரின் பேரால் இருக்கிறவரோ உட்காரும் இடம். வணக்கம் அந்த நாற்காலிக்குத்தான். பழகும்போதும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளும்படி ஓரத்தில் எழுதியிருக்கிறது. என் மச்சில் போடவில்லை. போடவும் மாட்டேன். அந்த ஆள் என் வீட்டில் ஏற்கெனவே வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் முன்னால் வணங்குவேன். அதற்கு முன் ஒரு நாள்கூட இல்லை.

ஆட்டம் பிப்ரவரி எட்டாம் தேதி. தோமா ஜனவரி கடைசியில் திரும்புகிறான். அவனிடம் பதில் வர வேண்டும்.

கிதியோன்


ஜெனிவா,
1717 ஜனவரி 15

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் புத்தாண்டுக்கு மறுநாள் கிடைத்தது. இங்கே ஏரியோரம் பனி உறைந்து கிடக்கிறது. கை விரல் வெடித்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள்.

நீ கேட்டதற்காக அந்த ஆசிரியரைத் தேடிப் போனேன். அவர் ஊரில் இல்லை. யாரோ ஒரு பிரபுவோடு பேர்ன் போயிருக்கிறாராம், வசந்தத்தில்தான் வருவாராம். வேலைக்காரி சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணா, இதை ஓர் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? வழி அடைபட்டால் அது ஏன் அடைபட்டது என்று யோசிக்க வேண்டாமா? துணை ஆட்சியரிடம் போய், எனக்கு முழங்கால் வலி, ஆட முடியாது என்று சொல்லிவிடு. அது பொய்யும் அல்ல. வேறு வழியில் சூசான் வருவாள். கர்த்தர் தம்முடையவர்களை மறப்பதில்லை.

முழங்காலுக்குக் கடுகு எண்ணெய் தேய். நீ ஏழு வயதில் மரத்திலிருந்து விழுந்ததும் அதே காலில்தான் என்று அம்மா சொல்வாள்.

உன்
யூதித்


வால்ப்ரூன்,
1717 பிப்ரவரி 14

யூதித்,

ஆடினேன். அவள் வரமாட்டாள்.

முழுவதையும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

உன் கடிதம் வந்ததும் நானே முடிவு செய்தேன். அரை வட்டம் ஒருக்களித்திருந்தால் அது திரும்பச் சொல்லும் குறி. அச்சுக்காரன் அத்தனை தாளிலும் ஒரே தவற்றைச் செய்ய மாட்டான். அப்படியே நாலு தாளையும் மனப்பாடம் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டும் ஆட முடிந்தது.

மண்டபத்தில் அறுபது பேர் இருப்பார்கள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேல்முனையில் துணை ஆட்சியர் நாற்காலி. ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் ஆடும், மற்றவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு ஜோடி துணை ஆட்சியரின் மைத்துனி, மதாம் த லோர்ம். நாற்பது வயது இருக்கும். சிரித்த முகம்.

"பயப்படாதீங்க முசியே, நான் இழுத்துட்டுப் போயிடுவேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும் மதாம்" என்றேன்.

தொப்பி, வணக்கம், எல்லாம் சரியாக வந்தது. முதல் தாள் ஒரு பிசகும் இல்லை. நுனிக்காலில் எழுந்தபோது யாரோ "பரவால்லயே, காலுறைக்காரர்" என்று சொன்னதுகூடக் காதில் விழுந்தது. அந்தக் கொஞ்ச நேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாம் தாளில் கால்பங்கு திரும்பினேன். அவள் கையை நீட்டிய இடத்தில் நான் இல்லை. நான் நீட்டிய இடத்தில் அவள் இல்லை. அவள் தவறு செய்கிறாள் என்று நினைத்தேன். எதிரே வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "திரும்புங்க, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்றாள்.

"நீங்க திரும்புங்க மதாம். தாள்ல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

"எந்தத் தாள்ல?"

பேசினால் எண்ணிக்கை போய்விடும். சுவரோரம் சிரிப்புத் தொடங்கிவிட்டது. நிறுத்தியிருக்கலாம், காலில் சுளுக்கு என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். எனக்கு நிறுத்த வராது, உனக்குத் தெரியும். நாலாம் தாள்வரை அச்சில் இருந்தபடி ஒரு எட்டுகூட விடாமல் ஆடினேன். கடைசியில் தொப்பியை எடுத்து, வலது காலைப் பின்னால் இழுத்து, இடுப்புவரை குனிந்து வணங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே சமையல்கட்டு வாசல். ஒரு பருத்த சமையல்காரி பணியாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பதிலுக்கு முழங்காலை மடக்கி வணக்கம் வைத்தாள்.

மண்டபமே சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. அது நின்றதுதான் பயமாக இருந்தது. துணை ஆட்சியர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"முசியே ரூவியேர்" என்றார். குரல் உயரவே இல்லை. "முதல் பகுதி வரைக்கும் அருமையா ஆடினீங்க. ஆடத் தெரியாதவர்னு சொல்ல முடியாது. அப்ப இது வேணும்னு செஞ்சதுதானே?"

"இல்ல ஐயா. புத்தகத்துல..."

"மன்னர் பேரால உக்காந்திருக்கிறவனுக்கு முதுகு. என் சமையல்காரிக்கு வணக்கம். உங்க மலைப் பிரசங்கிங்க இதைக் கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. நல்ல பிரசங்கம்."

சட்டைப்பையிலிருந்து சூசான் பெயர் எழுதிய அந்தத் தாளை எடுத்தார். கிழிக்கவில்லை. எல்லோரும் பார்க்க நாலாக மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் ஆள் வந்து சொன்னான். பிள்ளையை ஈஸ்டருக்குப் பிறகு துலூசுக்கு அப்பால் வேறு மடத்துக்கு மாற்றுகிறார்கள். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அவளுக்கு ஆகாது என்றாராம் துணை ஆட்சியர்.

நம் ஆட்களும் கேள்விப்பட்டுவிட்டார்கள். பாதிப் பேர், அந்த வீட்டில் ஆடினானே என்று என் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மீதிப் பேர் நான் வேண்டுமென்றே முதுகு காட்டினேன் என்று நம்பி, ஒருவரும் பார்க்காதபோது என் கையைப் பிடித்து அழுத்துகிறார்கள். வேண்டுமென்று செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை. முட்டாளாகிப்போனேன் என்றும் சொல்ல முடியவில்லை.

எங்கே தவறினேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தாளில் இருந்தபடிதான் ஆடினேன். உன் ஆசிரியர் பேர்னிலிருந்து வந்ததும் கேள். இனிப் பயன் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

கிதியோன்


ஜெனிவா,
1717 மார்ச் 9

அண்ணா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவர் பேர்னுக்குப் போகவில்லை. ஊரில்தான் இருந்தார். ஜனவரி ஐந்தாம் தேதி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நான் கையுறை கொண்டுவந்தவள் என்று நினைத்து முதலில் கதவருகிலேயே நிற்கவைத்தார். உன் கேள்வியைப் படித்துக் காட்டியதும் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல.

"முதல் நாள் எல்லாரும் செய்ற தப்புதாம்மா இது. உங்க அண்ணன் புத்தகத்தைத் தன்னோட சேர்த்துச் சுத்துறார். புத்தகம் சுத்தக் கூடாது. ஆள்தான் சுத்தணும்" என்றார்.

ஒரு தாளைக் கையில் எடுத்தார். மேல்முனையில் ஒரு நாற்காலியைப் போட்டார். அவர் வலப்பக்கம் திரும்பியபோது கையிலிருந்த தாளை இடப்பக்கம் திருப்பினார். பின்னால் திரும்பியபோது தாள் அவர் கையில் தலைகீழாக இருந்தது. அவர் எப்படிச் சுற்றினாலும் தாளின் தலைப்பகுதி நாற்காலியைப் பார்த்தே இருந்தது. அரை வட்டம் ஒருக்களித்திருப்பதற்குக் காரணம், நீ ஏற்கெனவே பெண்ணைப் பார்த்து நிற்கிறாய் என்று அது சொல்கிறது. மறுபடியும் திரும்பச் சொல்லவில்லை.

"ரெண்டே வரி. எழுதி அனுப்பிடுங்க. பிழைச்சுப்பார்" என்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். அந்த இரண்டு வரியும் இதோ என் வேதபுத்தகத்தில் ஏசாயா ஆகமப் பக்கங்களுக்கு நடுவில் இருக்கின்றன. பத்து நாள் அங்கேயே இருந்தன. தோமா கிளம்புகிற நாள் வந்தது. அவற்றை உனக்கு அனுப்பினால் உன்னை அந்த மண்டபத்துக்கு அனுப்புகிறவள் நான்தான் என்று தோன்றியது. அனுப்பாவிட்டால் நீ பயந்து போகாமலிருப்பாய் என்று நினைத்தேன். நீ பயந்து பின்வாங்குகிறவன் என்று எப்படி நினைத்தேன்? உன்னோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவள் நான்.

ஆடுவது பாவம் என்று இரண்டு வரியை மறைத்தேன். மறைக்க ஒரு பொய் சொன்னேன். பொய் பாவம் என்று அப்போது தோன்றவில்லை. வேலைக்காரி சொன்னாள் என்று எழுதினேனே, அவர் வீட்டில் வேலைக்காரியே கிடையாது.

போதகரிடம் சொன்னேன். நீ நல்லெண்ணத்தில் செய்தாய், அமைதியாக இரு என்றார். அமைதியாக இருக்க முடியவில்லை. நேற்று என் அறையில் முக்காலியை மேல்முனையில் போட்டேன். உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். நாலு முறை திரும்பினேன். ஒரு குழந்தைகூடச் செய்துவிடும், அண்ணா. அவ்வளவு சின்ன விஷயம்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

யூதித்


வால்ப்ரூன்,
1717 மே 3

யூதித்,

உன்னை மன்னிக்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், இந்தக் கடிதம் வந்ததையே மன்னிப்பு என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பொய்யனை எனக்குப் பிடிக்கும். துணை ஆட்சியர் பொய்யர், அது எனக்குத் தெரியும், அதற்கு ஏற்றபடி நான் நடந்துகொள்வேன். நீ உண்மையே பேசுகிறவள். அதனால்தான் உன் கடிதத்தை நம்பினேன்.

இதை எழுதக் காரணம், சூசானைப் பார்த்தேன். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி. துலூசுக்கு அனுப்புவதற்கு முன்னால் கால் மணி நேரம் கொடுத்தார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், பக்கத்தில் தையல் வேலையோடு ஒரு கன்னியர். சூசானை அங்கே அன்ழெலிக் என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். யாரோ என்று நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது. உயரமாகிவிட்டாள். நம் அம்மாவின் தாடை.

"நல்லா இருக்கியா?" என்றேன்.

"நல்லா இருக்கேன் அப்பா. நீங்க இளைச்சிட்டீங்க."

"சாப்பாடு?"

"போடுறாங்க."

வேறு என்ன கேட்பது? கன்னியரின் ஊசி நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அப்போது அவளே மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க ஆடினதைக் கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"துணை ஆட்சியரோட அண்ணன் பொண்ணு இங்கதான் படிக்கிறா. வந்து எல்லார் முன்னாடியும் நடிச்சுக் காட்டினா. காலுறைக்காரர் சமையல்காரிக்கு வணக்கம் வச்ச மாதிரி. எல்லாரும் சிரிச்சாங்க." கன்னியரை ஒரு முறை பார்த்துவிட்டு, "நானும் சிரிச்சேன்பா. சிரிக்கலேன்னா அது எங்கப்பான்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"எங்களுக்கும் வியாழக்கிழமை நடனம் சொல்லித் தர்றாங்க. புத்தகம் வச்சு. தாளோட தலையை எப்பவும் நாற்காலிப் பக்கமே பிடிக்கணும் அப்பா. முதல் நாளே அதைத்தான் சொன்னாங்க. நீங்க பழகும்போது நாற்காலி போட்டுக்கலையா?"

"இல்ல."

"ஏன்?"

"அந்த ஆளுக்கு என் வீட்டுல நாற்காலி போடக் கூடாதுன்னு இருந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. யூதித், கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் உக்காந்திருக்கேன்னு நினைச்சுப் போட்டிருக்கலாமேப்பா" என்றாள்.

மணி அடித்தார்கள். கன்னியர் எழுந்தார். சூசான் பாவாடையை இரு விரலால் பிடித்து, முழங்காலை மடக்கி, எழுந்து, மூன்று எட்டுப் பின்னோக்கி வைத்தாள். பார்வையை என் மேலிருந்து எடுக்கவே இல்லை. கதவுவரை அப்படியே பின்னாலேயே போனாள். முதுகைக் காட்டவில்லை. மிக நன்றாகச் செய்தாள். எந்த மண்டபத்திலும் அதில் குறை சொல்ல முடியாது.

அவள் இப்போது இருக்கும் மடத்தின் பெயரை எனக்குச் சொல்லவில்லை. இருபது வயதுவரை வெளியே விடமாட்டார்களாம். எனக்கு அப்போது அறுபத்தைந்து.

தோமாவை எல்லைச் சாவடியில் இரண்டு முறை சோதனை போட்டுவிட்டார்கள். இனி அவனிடம் கடிதம் கொடுக்காதே. வேறு ஆளும் தேடாதே. உன் இரண்டு வரியை வேதபுத்தகத்திலேயே வைத்துக்கொள்.

மச்சில் மேல்முனையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். சூசான் சின்ன வயதில் உட்கார்ந்து நூல் சுற்றுவாளே, அந்தக் குட்டை நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை நாலு தாளையும் ஆடுகிறேன். இப்போது எங்கே திரும்பினாலும் அது இருக்கும் பக்கம் எனக்குத் தெரிகிறது. கடைசி வணக்கம் சரியாக அதன் முன்னால் வந்து முடிகிறது.

கிதியோன்